மூன்றில் ஒரு பங்கு புல்லட்: ஏழு வாரம் ஸ்டார்ட் ஆகாத கதை

புல்லட் மோட்டார் சைக்கிளின் எஞ்சினை மூன்றில் ஒரு பங்கு அளவில், பதினான்கு மாதம் உட்கார்ந்து வீட்டில் செய்தேன். அது, கடைசி போல்ட்டை இறுக்கிய அன்று ஸ்டார்ட் ஆகவில்லை. அடுத்த ஏழு வாரமும் ஆகவில்லை. காரணம் என்று கடைசியில் கையில் கிடைத்தது, கண்ணுக்கே தெரியாத ஒரு சந்து. முதல் வாரத்திலேயே அதைப் பிடித்திருக்கலாம். பிடிக்க விடாமல் செய்தது எனக்கு நன்றாகத் தெரிந்த வேலைதான். பெரிய எஞ்சினில் வருடக்கணக்காகப் பார்த்துப் பழகிய சோதனைகள் ஒவ்வொன்றும் இந்தச் சின்ன எஞ்சினில் 'எல்லாம் சரி' என்று சொல்லிவிட்டன. எந்தச் சோதனை எப்படி ஏமாற்றியது என்பதை, இதே வேலையில் இறங்குகிறவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

எனக்குக் கோவை, கணபதி பக்கம். பம்ப்செட் கம்பெனி ஒன்றில் டூல் ரூமில் இருந்து ஓய்வு பெற்றவன். வீட்டுக்குப் பின்னால், துணி காயப்போடும் கொடியை ஒட்டி, பத்துக்குப் பன்னிரண்டு அடியில் தகரக் கொட்டகை. உள்ளே, மூடிப்போன ஒரு யூனிட்டிலிருந்து வாங்கிய மூன்றடி லேத், பெஞ்ச் ட்ரில், சின்ன மில்லிங் மிஷின், வட்டத்தைச் சமமாகப் பிரித்து வெட்ட ஒரு டிவைடிங் ஹெட். இந்த ஊரில் இது ஒன்றும் அதிசயம் கிடையாது. ஜி.டி. நாயுடு வாலிப வயதில் ஒரு ரட்ஜ் மோட்டார் சைக்கிளை வாங்கி, அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றி மாட்டித் தொழில் கற்ற கதையைக் கேட்டு வளர்ந்த தலைமுறை நாங்கள். கழற்றிப் பார்க்கும் புத்தி அப்படி வந்ததுதான்.

ஏன் புல்லட் என்றால், சின்னதாகச் செய்வதற்கு அதைவிடத் தோதான எஞ்சின் நம் ஊரில் இல்லை. ஒற்றை சிலிண்டர். புஷ் ராட் வால்வ். பழைய வார்ப்பிரும்பு எஞ்சினில் கியர் பாக்ஸ் தனியாக நிற்கும் என்பதால் எஞ்சினை மட்டும் தனியே செய்தாலும் முழுசாகத் தெரியும். 1950-களின் நடுவில் நம் நாட்டில், திருவொற்றியூரில், தொடங்கிய வண்டி; பல பத்தாண்டுகள் அடிப்படை மாறாமல் ஓடியதால் எந்த ஊரிலும் அதன் உள்ளுறுப்பு தெரிந்த ஒரு மெக்கானிக் இருப்பார். எங்கள் தெருமுனையிலும் ஒருவர் இருக்கிறார். என்னை அண்ணா என்பார், நான் தம்பி என்பேன். வேலைக்கு வந்திருந்த ஒரு பழைய 350-ஐ வண்டிக்காரரிடம் அனுமதி கேட்டு நாலு நாள் என் மேஜையில் வைக்க விட்டார். வெர்னியரும் நோட்டுமாக உட்கார்ந்து எல்லாவற்றையும் அளந்து முடித்தபோது அவர் கேட்டது ஒன்றுதான்: "ஏனுங்ண்ணா, இத்துனூண்டுக்கு எதுக்குங் இத்தனை பாடு?"

அசல் 350-க்கு போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 70 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 90 மி.மீ., மொத்தம் 346 சி.சி. மூன்றில் ஒரு பங்காக்கினால் போர் 23.3 வரும். துளையைத் துல்லியமாக்க என்னிடம் இருந்த ரீமர் 24. ஆகவே போர் 24, ஸ்ட்ரோக் 30, கொள்ளளவு 13.6 சி.சி. என்று முடிவானது. கையில் இருக்கும் ரீமருக்கு ஏற்ப எஞ்சினை மாற்றுவது சரியா என்று கேட்டால், வீட்டுப் பட்டறையில் எல்லா முடிவும் அப்படித்தான் எடுக்கப்படுகிறது.

செய்த விதம், சுருக்கமாக

கிராங்க்கேஸை முதலில் வார்த்துப் பார்த்தேன். பழைய பிஸ்டன்களை உருக்கி, மர மாதிரி வைத்து, மணல் அச்சில். வெளியே பார்க்க அழகாக வந்தது. பேரிங் துளையைக் கடைந்தபோது உள்ளே அப்பம் மாதிரி ஓட்டை ஓட்டையாக இருந்தது. உருகிய அலுமினியம் ஈரத்திலிருந்து ஹைட்ரஜனை இழுத்து வைத்துக்கொண்டு, உறையும்போது குமிழாக விடும். மழைக்காலத்தில் செய்தது என் தவறு. இரண்டாவது முறை வார்க்கப் பொறுமை இல்லாமல் கெட்டி அலுமினியப் பாளத்திலிருந்தே குடைந்து எடுத்துவிட்டேன். பாளத்தில் முக்கால்வாசி சீவலாகத்தான் போனது.

கியர்களில் சொல்ல அதிகம் இல்லை. புல்லட்டில் இன்லெட்டுக்கு ஒன்று, எக்ஸாஸ்டுக்கு ஒன்று என்று வால்வைத் திறக்கத் தனித்தனி கேம் வீல்கள். கிராங்கில் 20 பல், கேமில் 40 பல், பல்லின் அளவு மாட்யூல் 0.5. டிவைடிங் ஹெட் நாற்பதுக்கு ஒன்று என்பதால் 40 பல்லுக்கு ஒரு முழுச் சுற்று, 20 பல்லுக்கு இரண்டு முழுச் சுற்று. எண்ணத் தெரிந்தால் போதும். கனெக்டிங் ராட் அசலிலும் அலுமினியக் கலவைதான் என்பதால் அங்கே மனசாட்சி உறுத்தவில்லை. ஆயில் பம்பை மட்டும் விட்டுவிட்டேன். அடியில் கொஞ்சம் எண்ணெய் ஊற்றி கிராங்க் அடித்துத் தெளிப்பதோடு சரி. அசலின் பம்ப் அருமையான ஒரு சாமான், அதைத் தனியாக ஒரு வருடம் செய்யலாம்.

சூட்டை வெளியே விடுவதற்காகச் சிலிண்டரைச் சுற்றி இருக்கும் தகடுகள் பாடு படுத்தின. ஃபின் என்பார்கள். வார்ப்பிரும்புக் கட்டையில் ஒன்றரை மி.மீ. பார்ட்டிங் டூலால் ஒவ்வொன்றாக ஆழ வெட்ட வேண்டும். மிஞ்சுகிற தகடு ஒரு மி.மீ. தடிப்பு. டூல் ஆழத்தில் போகும்போது லேசாக முனகும். முனகல் கீச்சலாக மாறினால் உடனே பின்னால் இழுத்துவிட வேண்டும். ஒன்பதாவது ஃபின்னில் டெலிபோன் மணி அடித்தது, நான் இழுக்கவில்லை. தகட்டில் ஒரு துண்டு தெறித்து கொட்டகைக் கூரையில் பட்டு 'டங்' என்றது. அன்றோடு அந்தக் கட்டை முடிந்தது. இரண்டாவது கட்டையை வெட்டும்போது போனை வீட்டுக்குள் வைத்துவிட்டு வந்தேன். வார்ப்பிரும்புத் தூள் கையில் ஏறினால் மூன்று நாளைக்குச் சோப்புக்குப் போகாது. அந்த வாரம் ஒரு கல்யாணப் பந்தியில் கையை மறைத்துக்கொண்டு சாப்பிட்டேன்.

பிஸ்டன் ரிங்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 24 மி.மீ. ரிங் கடையில் கிடைக்காது, செய்துதான் ஆக வேண்டும். வார்ப்பிரும்புக் குழாயை வெளிவிட்டம் சரியாக 24-க்குக் கடைந்து, ஒரு மி.மீ. அகலத்தில் வளையங்களாக நறுக்கி, இருபக்கமும் கண்ணாடி மேல் எமரி ஒட்டித் தேய்த்துச் சமமாக்கினேன். அப்புறம் வளையத்தை உடைக்க வேண்டும். அறுக்கக் கூடாது; அறுத்தால் ரம்பத்தின் அகலத்துக்கு இடைவெளி விழும். ஓர் இடத்தில் கீறிவிட்டு இருவிரலால் வளைத்தால் பிஸ்கட் மாதிரி 'டிக்' என்று ஒடியும். ஒடிந்த வாயை 3.5 மி.மீ. அளவுக்கு விரித்து, இடையில் ஒரு தகடு செருகி, அடைப்புக்குள் வைத்து மங்கிய சிவப்பு வரும்வரை சூடாக்கி ஆறவிட்டால், ரிங் அந்த விரிப்பிலேயே நிற்கப் பழகிவிடும். அதைச் சுருக்கி சிலிண்டருக்குள் விட்டால் சுவரைத் தள்ளிக்கொண்டே இருக்கும். பன்னிரண்டு செய்தேன். ரிங்கை சிலிண்டருக்குள் நிறுத்தி, நடுவே கறுப்பு அட்டை வைத்து மறைத்து, கீழே டார்ச் அடித்து மேலிருந்து பார்ப்பதுதான் பரிட்சை. சுற்றிலும் எங்கேயும் ஒளிக் கீற்று தெரியக் கூடாது. பன்னிரண்டில் ஐந்து தேறின. அதில் இரண்டை மாட்டினேன், வாய் இடைவெளி 0.08 மி.மீ.

இதைச் சொல்லக் காரணம், ரிங்கில் இவ்வளவு கவனம் வைத்தவன் வால்வில் வைக்கவில்லை என்பதுதான்.

ஏழு வாரம்

முதல் நாள். கார்ட்லெஸ் ட்ரில்லை கிராங்கின் முனையில் மாட்டிச் சுற்றினேன். சிலிண்டர் தலையிலிருந்து 'புஸ்', எக்ஸாஸ்டிலிருந்து ஈரமான பெட்ரோல் புகை, நாலைந்து முறை 'டப்', அவ்வளவுதான். ட்ரில்லை எடுத்தால் ஒரு சுற்றுகூடத் தானாகச் சுற்றாமல் நின்றது. கயிறு சுற்றிக் கையால் இழுத்தால் அந்த 'டப்'கூட வரவில்லை.

மெக்கானிக் தம்பி சாயங்காலம் வந்து பார்த்தார். அவர் முறைப்படி விரல் விட்டு எண்ணினார். "கரண்ட் வருது, பெட்ரோல் வருது, கம்ப்ரஷன் இருக்குது. அப்புறம் டைமிங்தானுங்ண்ணா." பெரிய வண்டியில் இந்த வரிசை தப்பாது. நானும் நம்பினேன்.

டைமிங்கைத்தான், அதாவது பிளக் பொறி விடும் நேரத்தைத்தான், முதலில் குடைந்தேன். பாயிண்ட் டப்பாவுக்குள் காந்தத்தை உணரும் ஒரு ஹால் சென்ஸரை ஒளித்து, மாடல் விமானங்களுக்கு வருகிற, பொறி கொடுக்கும் சின்ன சிடிஐ பெட்டியோடு இணைத்திருந்தேன். பிளக் கூடச் சின்னதுதான், ரெண்டு நூல், அதாவது கால் அங்குல மரை, அங்குலத்துக்கு 32 புரி. டிகிரித் தகடு ஒட்டி, 5 டிகிரியிலிருந்து 30 வரை ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்த்தேன். ட்ரில்லில் 'டப்' எண்ணிக்கை கூடிக் குறைந்தது. ஓடவில்லை. இப்படி இரண்டு வாரம்.

அப்புறம் கார்புரேட்டர். இங்கே உண்மையிலேயே ஒரு குறை இருந்தது, அதைச் சரிசெய்ததும் நோய் தீர்ந்துவிட்டது என்று நம்பி இன்னும் இரண்டு வாரத்தை வீணாக்கினேன். அசலில் 24 மி.மீ. வாய் என்பதால் நான் 8 மி.மீ. வைத்திருந்தேன், கணக்குச் சுத்தம். ஆனால் அதே ஆர்.பி.எம்.மில் ஸ்ட்ரோக் மூன்றில் ஒன்று என்றால் பிஸ்டனின் வேகமும் மூன்றில் ஒன்று. வாய் வழியே போகும் காற்றின் வேகமும் மூன்றில் ஒன்று. பெட்ரோலை ஜெட்டிலிருந்து உறிஞ்சி எடுக்கும் இழுப்போ வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆக ஒன்பதில் ஒன்று. பெட்ரோல் எழும்பி வராமல் சுவரில் வழிந்துகொண்டிருந்தது. வாயை 5 மி.மீ. ஆக்கினேன். காற்றின் வேகம் இரண்டரை மடங்கு ஏறியது. ஜெட்டுக்கு 0.6 மி.மீ. துளை, அதைத் திறந்து மூட என் மனைவியின் தையல் பெட்டியிலிருந்து ஒரு ஊசி, பின்னால் மரை ஒட்டி. அந்த ஊசியை இன்றைக்கும் அவர் தேடிக்கொண்டிருப்பதாகத்தான் நினைக்கிறேன்.

இப்போது ட்ரில்லில் சுற்றினால் தொடர்ந்து 'டப டப டப' என்று அடித்தது. ட்ரில்லை எடுத்ததும் நின்றது.

இதுதான் தடயம். என் கண்ணெதிரே ஏழு வாரம் கிடந்த தடயம். ட்ரில் நிமிடத்துக்கு 1,200 சுற்றில் சுற்றுகிறது. ஒரு கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்குக்கு ஒரு நொடியில் நாற்பதில் ஒரு பங்கு நேரம். கயிற்றில் இழுத்தால் சுமார் 300 சுற்று. பத்தில் ஒரு பங்கு நொடி. நாலு மடங்கு நேரம் கிடைத்தால் நாலு மடங்கு வெளியேறிவிடுகிற ஏதோ ஒன்று உள்ளே இருக்கிறது. டைமிங்குக்கோ பெட்ரோலுக்கோ அந்தக் குணம் கிடையாது. ஓட்டைக்குத்தான் உண்டு.

பொய் சொன்ன மூன்று சோதனைகள்

ஆனால் கம்ப்ரஷன்தான் பார்த்தாயிற்றே? முதல் வாரமே மூன்று விதமாகப் பார்த்திருந்தேன்.

ஒன்று, கட்டைவிரல். பிளக் துளையில் விரலை வைத்துச் சுற்றினால் விரலைத் தள்ளியது. உண்மைதான், தள்ளியது. புது ரிங், நிறைய எண்ணெய். எவ்வளவு அழுத்தம் என்று விரலுக்குத் தெரியாது, அழுத்தம் இருக்கிறது என்று மட்டும்தான் தெரியும்.

இரண்டாவது, கம்ப்ரஷன் கேஜ். இருபது பி.எஸ்.ஐ.க்கு மேல் ஏறவில்லை. ஆனால் அதற்கு என்னிடம் ஒரு நியாயமான பதில் இருந்தது. சிலிண்டர் தலையில் பிஸ்டன் மேலே வந்தபின் மிஞ்சும் இடம் வெறும் 2.5 சி.சி. (ஊசி போடும் சிரிஞ்சால் எண்ணெய் விட்டு அளந்தது.) கேஜின் ரப்பர் குழாய்க்குள்ளேயே 6 சி.சி. காற்று நிற்கிறது. அதை மாட்டிய உடனே 6.5-க்கு 1 என்று நான் செய்து வைத்த கம்ப்ரஷன் 2.6-க்கு 1 ஆகிவிடும். அளக்கிற கருவி அளக்கப்படும் பொருளைவிடப் பெரிது. ஆகவே கேஜ் சொன்னதைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. அந்த வாதம் சரி, முடிவு தப்பு. 2.6-க்கு 1 என்றாலும் முப்பத்தைந்துக்குக் கிட்டே காட்டியிருக்க வேண்டும். அந்தக் கணக்கை ஏழாவது வாரம்தான் போட்டேன்.

மூன்றாவது, மண்ணெண்ணெய். ஹெட்டை (சிலிண்டர் தலையை) கவிழ்த்து, வால்வ் இரண்டையும் மூடி, குழிவில் மண்ணெண்ணெய் ஊற்றி, வால்வுக்குப் பின்னால் உள்ள போர்ட் என்ற பாதை வழியே சொட்டுகிறதா என்று பார்ப்பது. எந்தப் பட்டறையிலும் செய்வது. ஒரு நிமிடம் வைத்தேன், சொட்டவில்லை, தேறியது என்று எழுதினேன். பெரிய ஹெட்டில் கீழே சொட்டாக விழும் அளவு, இங்கே போர்ட்டின் சுவரை நனைத்து அங்கேயே நின்றுவிடுகிறது. பின்னாளில் அதே சோதனையை போர்ட்டுக்குள் டிஷ்யூ பேப்பர் திரித்து வைத்துச் செய்தேன். அரை நிமிடத்தில் பேப்பர் நனைந்தது.

சரி, இவ்வளவு சின்ன ஒழுக்கு எஞ்சினை நிறுத்துமா? பெரிய புல்லட்டில் இதே அளவு சந்து இருந்தால் நிறுத்தாது. கொஞ்சம் இழுவை குறையும், ஓட்டுகிறவருக்குத் தெரியக்கூடத் தெரியாது. எஞ்சினை மூன்றில் ஒன்றாகச் சுருக்கினால் வால்வின் சுற்றளவு மூன்றில் ஒன்றாகும். உள்ளே அடைபடும் காற்று இருபத்தேழில் ஒன்றாகும். சந்தின் தடிப்பு மட்டும் சுருங்குவதில்லை, ஏனென்றால் அது வரைபடத்தில் இல்லை, என் கைவேலையில் இருக்கிறது. பத்து மைக்ரான் சந்து இரண்டிலும் பத்து மைக்ரான்தான். கணக்குப் போட்டால் சின்ன எஞ்சின் தன் காற்றை ஒன்பது மடங்கு வேகத்தில் இழக்கிறது. என் கை அதே கை. அந்தக் கை இங்கே ஒன்பது மடங்கு மட்டமான வேலைக்காரன்.

டம்ளர்

எங்கே ஒழுகுகிறது என்று பார்க்க பஞ்சர் கடைதான் வழிகாட்டியது. ட்யூபைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கிப் பார்ப்பாரே, அதுதான். பிளக் துளைக்கு ஒரு பித்தளை இணைப்பு கடைந்து சைக்கிள் பம்பை மாட்டினேன். பிஸ்டனை மேலே நிறுத்தி கிராங்கைப் பூட்டினேன். மீன் தொட்டிக்குப் போடும் மெல்லிய குழாய் மூன்று வாங்கி, ஒன்று இன்லெட் போர்ட்டிலும் ஒன்று எக்ஸாஸ்டிலும் ஒன்று கிராங்க்கேஸின் மூச்சுத் துளையிலும் சேர்த்து, மறுமுனைகளை மூன்று எவர்சில்வர் டம்ளர் தண்ணீரில் விட்டேன். பம்பை ஒரு அழுத்து.

கிராங்க்கேஸ் டம்ளரில் ஒன்றிரண்டு குமிழ், நின்று நிதானமாக. இன்லெட்டில் சர சரவென்று ஒரு சரம். எக்ஸாஸ்ட் டம்ளரில் உலை கொதித்தது.

மறுபடியும் ஹெட்டைக் கழற்றி வால்வின் முகத்தில் புளூ என்ற நீல மையைத் தடவி, அது உட்காரும் சீட்டில் வைத்து லேசாகத் திருப்பி எடுத்தேன். சுற்றிலும் முழு வளையமாக ஒட்டியிருக்க வேண்டிய நீலம், வளர்பிறை மாதிரி ஒரு பக்கம் மட்டும் ஒட்டியிருந்தது.

அதன் காரணம் என் அவசரம். ஹெட் அலுமினியம் என்பதால் வால்வ் சீட்டும், வால்வின் தண்டு ஓடும் கைடும் சேர்ந்த வெண்கலக் கூடு ஒன்றைத் தனியாகக் கடைந்து ஹெட்டில் பொருத்தியிருந்தேன். ஒரே பிடிமானத்தில் துளையும் சீட்டும் வெட்டியதால் ரெண்டும் ஒரே மையத்தில் இருந்தன, லேத்தை விட்டு இறங்கும்போது. அதை 0.02 மி.மீ. இறுக்கத்தில் பெஞ்ச் வைஸில் அழுத்தி ஹெட்டுக்குள் திணித்தேன். திணித்ததில் கூடு ஒரு பக்கமாக நெளிந்துவிட்டது. நெளிந்த சீட்டைச் சரி செய்ய கிரைண்டிங் பேஸ்ட் போட்டு வால்வைத் தேய் தேய் என்று தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்க சீட்டின் அகலம் 0.8 மி.மீ. வரை போனது. அகலமான சீட்டில் ஸ்பிரிங்கின் அழுத்தம் பரவிப் போய்விடும். என் ஸ்பிரிங்கோ பால்பாயிண்ட் பேனா ஸ்பிரிங்குக்கு அண்ணன் அளவுதான். பெரிய வால்வில் அரைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற பழக்கம் இங்கேயும் கையோடு வந்துவிட்டது.

புதுக் கூடுகள் இரண்டு கடைந்தேன். இந்த முறை இறுக்கம் இல்லை, 0.02 மி.மீ. தளர்வு விட்டு, சூடு தாங்கும் லாக்டைட் பசை போட்டு, ஒரு நாள் காயவிட்டேன். சீட்டை அதற்குப் பிறகுதான் வெட்டினேன். 3 மி.மீ. கம்பி கைடுக்குள் போய் வழிகாட்ட, அதன் மேல் 45 டிகிரி வெட்டும் சின்னக் கட்டர், சில்வர் ஸ்டீலில் நானே செய்து கடினப்படுத்தியது. விரல் நுனியால் மூன்று சுற்று. லூப் என்ற உருப்பெருக்கியில் பார்த்தால் தலைமுடி தடிப்பில் ஒரு வெள்ளிக் கோடு, கால் மி.மீ. வந்ததும் நிறுத்திவிட்டேன். அரைக்க பேஸ்ட் எடுக்கவில்லை. பித்தளைப் பாத்திரம் தேய்க்கும் பாலிஷைத் தொட்டு இருபது முறை திருப்பியதோடு சரி.

புளூ முழு வளையமாக ஒட்டியது. 20 மில்லி சிரிஞ்சை போர்ட்டில் மாட்டி, பிடியைப் பாதி இழுத்துவிட்டு விரலை எடுத்தேன். முன்பு பழைய கூட்டில் பிடி கண் இமைப்பதற்குள் திரும்பி ஓடியிருந்தது. இப்போது நாற்பது நொடி அப்படியே நின்றது.

ஓடியது

பிளக்கை மாட்டி கிராங்கைக் கையால் அழுத்தத்துக்கு எதிராகத் திருப்பிவிட்டு விட்டபோது, எகிறிப் பின்னால் திரும்பியது. ஏழு வாரமாக அது அப்படி எகிறவே இல்லை, பம்மிக்கொண்டு நழுவிப் போய்க்கொண்டிருந்தது. அந்த வித்தியாசத்தை அப்போதே கை கவனித்திருக்க வேண்டும்.

ட்ரில்லை வைத்து மூன்றாவது முயற்சியில் பிடித்தது. ட்ரில்லை எடுத்தேன், பதினொரு நொடி ஓடி நின்றது. ஊசியைக் கால் சுற்று மூடினேன். அப்புறம் டேங்க் தீரும் வரை ஓடியது. டேங்க் என்பது ஒரு இருமல் மருந்து மூடி. மறுநாள் கயிற்றிலேயே ஸ்டார்ட் ஆனது.

சத்தத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. புல்லட் செய்கிறவன் யாராக இருந்தாலும் மனசுக்குள் அந்த 'டுக் டுக் டுக்' கேட்டுக்கொண்டுதான் செய்வான். என் எஞ்சின் டேகோமீட்டரில் 2,600-க்குக் கீழே இறங்க மறுத்தது. இறக்கினால் அணைந்தது. இதற்கும் கணக்கு இருக்கிறது. கிராங்கோடு சேர்ந்து சுழலும் கனமான சக்கரமான ஃப்ளைவீலைச் சுருக்கும்போது அதன் சுழற்சிக் கனம் ஐந்தாவது அடுக்கில் விழுகிறது. மூன்றில் ஒன்று என்றால் 243-இல் ஒன்று. அது தாண்ட வேண்டிய கம்ப்ரஷன் மேடு 27-இல் ஒன்றாகத்தான் குறைகிறது. ஆகவே அதே மூச்சில் மேடு ஏற மூன்று மடங்கு வேகத்தில் சுழல வேண்டும். அசல் 900-இல் நின்று ஓடுகிறது என்றால் இது 2,700. அசலில் நொடிக்கு ஏழெட்டு வெடி, காது ஒவ்வொன்றையும் தனியாக எண்ணும். இதில் இருபத்திரண்டு, எல்லாம் சேர்ந்து ஒரே ரீங்காரம்.

அசல் எஞ்சினில் இல்லாத ஒன்றைச் சேர்க்க மனமில்லாமல் ஒரு மாதம் விட்டு வைத்தேன். பிறகு வெளியே, 90 மி.மீ. விட்டம், 15 மி.மீ. தடிப்பில் இரும்பு ஃப்ளைவீல் ஒன்று கடைந்து மாட்டினேன். முக்கால் கிலோ. இப்போது 1,700-இல் நிற்கிறது, நொடிக்கு பதினாலு. டுக் டுக் இல்லை, ஆனால் தனித்தனியாக அடிக்கிறது என்று தெரிகிறது. பார்வைக்கு வைக்கும்போது கழற்றிவிடலாம்.

இதுவரை மொத்தம் நாற்பது நிமிடம் ஓடியிருக்கிறது. ஐந்து நிமிடத் தொடர் ஓட்டத்தில் ஹெட் 140 டிகிரி. (லேசர் தெர்மாமீட்டர் பளபளக்கும் அலுமினியத்தில் தப்பாகக் காட்டும், கறுப்பு மார்க்கரால் ஒரு வட்டம் போட்டு அதில் பார்க்க வேண்டும்.) உயிரைக் கொடுத்து வெட்டிய ஃபின்கள் பெரிதாகத் தேவைப்படவில்லை. கொள்ளளவோடு ஒப்பிட்டால் சுவரின் பரப்பு அசலைவிட மூன்று மடங்கு என்பதால், சூடு தானாகவே ஓடிவிடுகிறது. குளிர்ந்த காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிப்பதும் அதனால்தான்; ஹெட்டை ஹேர் ட்ரையரால் கொஞ்சம் சூடு காட்டினால் முதல் இழுப்பிலேயே பிடிக்கிறது. நாற்பது நிமிடம் கழித்துத் திறந்து பார்த்ததில் எக்ஸாஸ்ட் சீட்டில் சாம்பல் நிறத்தில் அறுபடாத வளையம். ரிங் வாய் 0.08-லிருந்து 0.11 ஆகியிருந்தது, உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம்.

போன ஞாயிறு மெக்கானிக் தம்பி வந்தார். ஓட்டிக் காட்டினேன். கையைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் கேட்டார். "ஓடுதுங்ண்ணா, ஆனா தையல் மிஷின் சத்தமுங்." அப்புறம் குனிந்து, கிராங்க்கேஸ் இரண்டு பாதியும் சேரும் இடத்துக்கு அடியில் விரலைக் கொடுத்து, எண்ணெயைத் தேய்த்துப் பார்த்தார். "இது மட்டும் அச்சு அசலுங்." அடுத்த முறை பிரிக்கும்போது அந்த இணைப்பில் பேப்பர் கேஸ்கெட் போடுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். அதுவரை அடியில் ஒரு டீ சாஸர் வைத்திருக்கிறது.